மில்லிமீட்டர் மரை

பட்டறையிலிருந்து வந்த மருமகன் கழற்றிப் போட்ட சட்டையில் சூடான இரும்புச் சுருளும் எண்ணெயும் கலந்த வாடை அடிக்க, துவைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

காரைக்காலில் வாப்பாவின் லேத்துக்கும் இதே வாடைதான். கப்பலேறவிருந்த பிரெஞ்சுக்காரரிடம் அதை வாங்கும்போது, அடித்தண்டவாளத்தில் நகத்தை ஓட்டித் தேய்மானம் பார்த்து, இரும்பைக் கவ்வும் 'சக்'கைப் பிடித்து ஆட்டி, ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்ட வாப்பா, போல்ட்டில் எந்த அளவுப் புரிக்கு மரை வெட்டும் என்று மட்டும் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் மில்லிமீட்டரை விட்டால் வேறு அளவு ஏது? இந்தியக் கொடி ஏறி எல்லைச் சாவடி போனதும், இங்கிலீஷ்காரன் ஆண்டிருந்த அந்தப் பக்கத்துப் பம்புசெட்டுகள் வந்தன. எல்லாம் அங்குலக் கணக்கு.

"பாய், ரெண்டு சுத்துலயே இறுகிக்குதுங்க" என்று வாப்பா கடைந்த போல்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்துப் போனார்கள். அங்குல மரைக்கு வேண்டிய பல்சக்கரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வேலையில்லாத பட்டறையைத் தினமும் திறந்து, உப்புக்காற்றில் துருவேறாமல் லேத்தைத் துடைத்து எண்ணெயிட்டு, பூட்டிவிட்டு வந்தார், மௌத்தாகும்வரை.

வாப்பா போனபின் லேத்தைப் பழைய இரும்புக்கு எடுக்க வந்தவரும் தண்டவாளத்தில் நகத்தை ஓட்டினார்.

"தேயவே இல்லியேம்மா! புதுசாட்டம் இருக்கே!"

உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.