மெற்றில்டா அக்காவின் பேரம்

போன மாதம் மகளுக்குச் சைக்கிள் வாங்க யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். புது ரயர் மணம் மூக்கில் ஏறியது. "கொஞ்சம் குறைக்கேலாதோ?" என்று கேட்டேன். "ஸ்ரிக்கரிலை இருக்கிறதுதான் விலை, ஐயா," என்றார் கடைக்காரர், தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குமேல் எனக்குப் பேசத் தெரியாது. எப்போதுமே தெரிந்ததில்லை. கேட்ட காசைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஆள் நான்.

அந்த நாட்களில் எங்கள் கந்தோரில் இதற்கென்றே மெற்றில்டா அக்கா இருந்தார். குருநகர்க்காரி, தட்டெழுத்தாளர். மீன் ஏலம் போகிற கரையில் தகப்பனோடு நின்று வளர்ந்தவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் ஆனைவிலை விற்ற தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அக்கா சத்தம் போடமாட்டார். பொருளைக் குறை சொல்லமாட்டார். "இது இஞ்சை வந்து சேர உங்களுக்கு எவ்வளவு காசு முடிஞ்சது?" என்று கடைக்காரரிடமே கேட்பார். அவரும் ஏனோ உண்மையைச் சொல்லிவிடுவார். நானும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பார்த்தேன். "ஏன் தம்பி, கடை போடப்போறீரோ?" என்றார் கடைக்காரர்.

வேலை கிடைத்த புதிதில் எனக்குச் சைக்கிள் இல்லை. உரும்பிராயில் ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் சைக்கிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அக்காவின் சைக்கிளை நான் மிதிக்க, அவர் பின்னால் இருந்து புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். "விலை சொன்னவுடனை பல்லைக் காட்டாதை."

தரைப்பாதை மூடியிருந்ததால் அந்த அம்மா கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, வவுனியாவில் இருந்த மகளிடம் போக வெளிக்கிட்டிருந்தார். "ரெண்டாயிரம் தந்தாப் போதும், தம்பி," என்றார். நான் பல்லைக் காட்டிவிட்டேன்.

அக்கா சில்லைச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு அம்மாவிடம், "உந்த விலை ஆர் சொன்னது?" என்றார்.

"சந்தியிலை சைக்கிள் திருத்திறவர். பழசாம்."

"பெற்றோல் இல்லாத ஊரிலை உது மூண்டாயிரம் பெறும், அம்மா. குறையக் குடுக்காதேங்கோ."

நான் அக்காவை வேலிப் பக்கம் கூப்பிட்டேன். "அக்கா, நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"நான் சைக்கிளின்ரை பக்கம்."

என்னிடம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குமேல் இல்லை. அதுவே கூடிப்போச்சு என்றார் அம்மா. அக்கா விடவில்லை. கிளாலிக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார். வான்காரர் பெரிய தொகை கேட்கிறார் என்றார் அம்மா. அக்கா என்னைக் காட்டி, "மிச்சத்துக்கு இவன் உங்களைக் கிளாலியிலை கொண்டுபோய் விடுவான்," என்றார்.

அம்மா தலையாட்டினார். "அப்ப சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வாறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கொடிகாமம் தாண்டியதும் என் கால்கள் கழன்றுவிடும்போலிருந்தது. அம்மா மடியில் பையோடு பின்னால் இருந்து, இதே சைக்கிளில் கணவரோடு கோயிலுக்குப் போன கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். கரையில் இறங்கியவர் சைக்கிள் சீற்றை ஒருதரம் தடவினார். "ஞாயமான விலைக்குத்தான் குடுத்தனான் எண்டு மகளுக்குச் சொல்லலாம்," என்றார். நிமிர்ந்துதான் படகேறினார்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது எல்லோரும் சிதறினோம். ஊர் திரும்பியதும் குருநகருக்குப் போய் அக்காவைத் தேடினேன். வீடு இருந்த இடத்தில் வெறும் வளவு. அங்கே நின்ற ஒருவர், "என்ரை வலை அவ பேசி வாங்கித் தந்தது," என்றார். பக்கத்து வீட்டுப் பெண், தன் கலியாணச் சேலைக்கு அக்கா விலை பேசியதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அது ஒருவருக்கும் தெரியவில்லை.