குறைவாக வந்த போன் பில்

இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதிகமாகப் பிடுங்கிவிட்டான் என்று போன் கம்பெனியோடு சண்டை போட்டவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர். குறைத்துப் பில் போட்டதற்காகச் சண்டை போட்டவன் ஓசூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செல்போனில் அழைத்தாலும் காசு, எல்லை தாண்டினால் வருகிற அழைப்புக்கும் காசு என்றிருந்த காலம் அது. வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஜூஜூவாடியில் வாடகை வீடு. நாலு தெரு தாண்டினால் கர்நாடகா. வீட்டுக்குள் போனை வைத்தால் அந்தப் பக்கத்து டவர்தான் பிடிக்கும். தமிழ்நாட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டே ரோமிங் கட்ட வேண்டும், கொடுமையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாதாமாதம் பில்லைப் பிரித்துவிட்டுத் திட்டாத திட்டில்லை. என் பில்லில் மட்டும் ரோமிங்கே வரவில்லை. ஒரு மாதம் போனது, இன்னொரு மாதமும் போனது, வரவேயில்லை.

மனைவி தலைப்பிரசவத்துக்குப் பாரூரில் தாய்வீட்டில் இருந்தாள். தினமும் அவளிடம் பேச எனக்கிருந்தது அந்த ஒரு போன்தான். அதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் நானாகவே போன் ஆபீசுக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் சிரித்தாள். "கம்மியா வந்தா சந்தோஷந்தானே சார்?"

"அப்புறம் மொத்தமா போட்டு லைன கட் பண்ணிட்டீங்கன்னா? வீட்டுல மாசமா இருக்காங்க மேடம்."

"ஜாஸ்தின்னாத்தான் கம்ப்ளெய்ன்ட் எடுக்க முடியும். கம்மின்னு எடுக்க சிஸ்டத்துல எடமே இல்ல சார்."

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தானா வர்ற லட்சுமிய எட்டி ஒதைக்கிறியே, கிறுக்காப்பா உனக்கு?" என்றார்.

மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிய வாரம். வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து வாங்கிப் பார்த்தேன், ஓர் அழைப்புகூட வந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவளுக்கு அடித்தேன், போகவில்லை. எல்லையில் டவர் இப்படிக் கழுத்தறுப்பது வழக்கம்தானே என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் கேட்டில் மச்சினன் நிற்கிறான்.

"என்னா மாமா, போன அணைச்சுப் போட்டுட்டு எங்க போனீங்க? நேத்து மத்தியானத்துல இருந்து அடிக்கிறோம். அக்காவ கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில சேத்து, ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. பொண்ணு மாமா."

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார்தான் பேசினார். "உள்ள கூட்டிப் போற வரைக்கும், ஒருவாட்டி அவரு கொரல கேட்டுட்டுப் போறேன்னு போன கையவிட்டு எறக்கலப்பா." நான் அணைக்கவில்லை என்று மகள் தலையில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

விடிந்ததும் ஓசூருக்குப் பஸ் ஏறினேன். அதே கவுன்டர், அதே பெண். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "பழைய ரோமிங் எல்லாம் இப்பத்தான் சேந்திருக்கு. லிமிட் தாண்டினதால லைன் தானா கட்டாயிருக்கு சார். கம்மியா வரும்போதே நீங்க வந்து சொல்லியிருக்கலாம்ல?"

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து மேனேஜர் ஓடி வந்தார். பாதியைத் தள்ளுபடி செய்கிறேன் என்றார்.

"பாதி வேணாம்யா, முழுசாவே கட்டித் தொலைக்கிறேன். எம் பொண்டாட்டிக்கு ஒரு போனப் போடு. கட் பண்ணினது நாங்கதாம்மா, உங்க வீட்டுக்காரரு அணைச்சு வெக்கலன்னு சொல்லு. அது போதும்."

"அப்படியெல்லாம் பேச எங்களுக்குப் பர்மிஷன் இல்ல சார்."

அடப்பாவிகளா! பேச்சை விற்றுப் பிழைக்கிறவனுக்கு ஒரு வார்த்தை பேச அனுமதியில்லையாம். பணத்தை விட்டெறிந்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பினேன்.

அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறி, குழந்தை விழித்து அழுதது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தபடியே, "நீங்க அணைச்சு வெக்கலன்னு இப்பத் தெரியுது. உள்ள போறப்போ தெரியலியே" என்றாள்.