ஐந்தாவது லோடின் நாற்பத்தாறு மீட்டர்

மார்ச் 3: 400 கிலோ
மார்ச் 4: 360 கிலோ
மார்ச் 5: 400 கிலோ
மார்ச் 6: 200 கிலோ
மொத்தம்: 1,360 கிலோ

அந்த நான்கு நாளில் தார்ச்சாலைக்குள் போன பிளாஸ்டிக் இவ்வளவு. பால் பாக்கெட்டும் கடைப்பையுமாக வந்ததைக் கழுவி, உலர்த்தி, பொடிப்பொடியாக நறுக்கி அனுப்பியது அக்காவின் கொட்டகை. அங்கே பதினொரு பெண்களுக்கு வேலை. கலவை ஆலையில் ஜல்லியைச் சூடேற்றியவர் அவளுடைய தம்பி. மனைவி வெந்நீர் வைத்தால்கூட, விரலை விட்டுப் பார்த்து, “நாப்பத்திரண்டு இருக்கும்” என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் டிகிரி.

அது சோதனைச் சாலை. தேறினால்தான் கொட்டகைக்குத் தொடர்ந்து வேலை.

ஜல்லி நூற்று அறுபத்தைந்து டிகிரியைத் தொட்ட பிறகே நறுக்கலைத் தூவ வேண்டும். அப்போதுதான் அது உருகிக் கல்லில் மெழுகுபோல் படியும். அதன்மேல் தார். சூடு போதாவிட்டால் நறுக்கல் அப்படியே கிடக்கும். சாலை சீக்கிரம் பெயர்ந்துவிடும்.

மார்ச் 6 அன்று வானம் கறுத்தது. மேஸ்திரி பறந்த பறப்பில் ஐந்தாவது லோடை அனுப்பிவிட்டு டிகிரி பர்னரை அணைத்தார். அரை மணி கழித்தும் வெப்பமானியின் முள் நூற்று அறுபத்தைந்திலேயே நின்றது. தட்டினார், அசையவில்லை. நாலாவது லோடில் கல் பளபளத்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். ஐந்தாவதைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் மட்டும் 165 என்று எழுதியிருந்தார்.

அந்த லோடு பள்ளிக்கூட வாசலில் நாற்பத்தாறு மீட்டருக்குப் பரவியிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார், குந்தி உட்கார்ந்து ஆணியால் சுரண்டுவார், திரும்புவார், பாதி வழியில் மறுபடி போவார்.

எட்டாவது வாரம் அக்கா வந்தாள்.

“ஏன்டா, ரோட்டுக்குக் காய்ச்சலா? தினம் போய்த் தொட்டுத் தொட்டுப் பாக்கறியாமே?”

சொல்லிவிட்டார். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“வெளிய சொன்னா கொட்டகைய மூடிருவாங்கடா.”

“சொல்லாட்டி, அது பேந்ததும் மொத்த ரோடும் மோசம்னுருவாங்கக்கா. எந்த இடம்னு எனக்கு மட்டுந்தானே தெரியும்?”

“உன் வேலை?”

அவர் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார்.

“சரி, எழுது. இடத்தைத் துல்லியமாப் போடு.”

மே 2 அன்று சாலை இன்ஜினியருக்கு எழுதினார். மே 9 அன்று பதில் வந்தது: சோதனை முடியும்வரை பிளாஸ்டிக் கலக்கக் கூடாது. கொட்டகை பூட்டப்பட்டது. வழியில் பார்த்த பெண்களில் ஒருத்தி மட்டும் நின்று பேசினாள்.

“உண்மையச் சொன்னீங்க, சந்தோசம். எங்க வீட்டு அடுப்பு இப்ப எத்தனை டிகிரின்னு வந்து பாருங்கண்ணே.”

மே 20 அன்று சாலையில் ஆறு இடங்களில் துளையிட்டு மாதிரி எடுத்துப் போனார்கள். அதன்பின் டிகிரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தார். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே செருப்பைத் தேடினார். “ஏங்க, நடந்து நடந்து தரை தேயுது” என்றாள் மனைவி.

கடைசிக் கடிதம் கொட்டகை முகவரிக்கு வந்தது. அக்கா அதை வாசலிலேயே நின்று படித்தாள். நாற்பத்தாறு மீட்டரைப் பெயர்த்து மறுபடி போட வேண்டும். மீதிச் சாலை தேறியது. கொட்டகையைத் திங்கட்கிழமை திறக்கலாம். தம்பி இனி பர்னர் பக்கம் போகக் கூடாது. ஜல்லி சலிக்கும் இடத்தில் வேலை. கடிதம் வந்த நாள் ஜூன் 11, வியாழக்கிழமை.