நடக்காத வகுப்புக்கு எழுதிய குறிப்பு

"செவ்வாய், மூன்றாம் பாடவேளை. ஏழாம் வகுப்பு, அறிவியல். குரல் தெளிவு. கரும்பலகை எழுத்து நேர்த்தி. மாணவர்கள் ஆர்வத்துடன் பதிலளித்தனர்."

என் பி.எட். உற்றுநோக்கல் பதிவேட்டில், என் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு இது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கல்வி வளர்ந்த கதையை எழுதுவதற்காகப் பழைய காகிதங்களைத் திரட்டி வருகிறேன். நாளும் கிழமையும் சரிபார்க்காமல் ஒரு வரியும் சேர்ப்பதில்லை. ஆகவே இதைச் சொல்லியாக வேண்டும்: அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த வகுப்பு நடக்கவே இல்லை.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிறைகுறைகளை எழுத வேண்டும். யாருக்கும் எழுதுவது அதே நான்கு வரிகள்தான் என்பதால், திண்டுக்கல்லில் பஸ் ஏறியதுமே எழுதி முடித்துவிடுவோம். அன்று என்னோடு பயிற்சிக்கு வந்த நண்பனுடைய பாடம். ஆனால் பிள்ளைகளை விளையாட்டு விழா ஒத்திகைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவன் தன் பாடத்திட்டத்தில் 'ஒத்திகையால் நடக்கவில்லை' என்று எழுதிவிட்டான். நான் பஸ்ஸில் எழுதிய என் குறிப்பை அடிக்க மறந்தே போனேன்.

வெள்ளிக்கிழமை அவன் பாடத்திட்டமும் என் பதிவேடும் எங்கள் பயிற்சியை மேற்பார்த்த பேராசிரியையின் மேசையில் அருகருகே கிடந்தன. அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், அதட்டத் தெரியாது.

"ஏனுங்க தம்பி, பசங்க கிரவுண்டுல மார்ச் போயிட்டிருந்தாங்க. உங்களுக்கு மட்டும் ஆர்வமாப் பதில் சொன்னாங்களாக்கும்?"

"ஏலே, நான் எடுக்காத பாடத்தத்தான் இம்புட்டு நல்லா எடுத்திருக்கேன்" என்று நண்பன் என் காதில் முணுமுணுத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். நூற்பாலை வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான்.

"இப்பக் கையெழுத்துப் போட மாட்டேனுங்க. திங்கக்கிழமை உங்க நண்பர் பாடம் எடுக்கட்டும். நீங்க அவரப் பாக்க வேண்டாம், ஒரு பிள்ளைய மட்டும் பாருங்க. அதை எழுதுங்க."

திங்களன்று மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். பாடவேளை முழுவதும் பக்கத்திலிருந்தவளின் நோட்டைப் பார்த்தே எழுதினாள்; கரும்பலகைப் பக்கம் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. அதை அப்படியே எழுதினேன். மறுநாள் நண்பன் அவளை முன்வரிசைக்கு மாற்றினான். அப்போதும் கண்ணைச் சுருக்கித்தான் படித்தாள். வகுப்பாசிரியர் அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்; சில நாளில் கண்ணாடியோடு வந்தாள்.

பேராசிரியை கையெழுத்திட்டார். பழைய குறிப்பை அடிக்கப் போன என்னை, "இருக்கட்டுங்க" என்று தடுத்தார். அந்த ஒரு கையெழுத்தால்தான் நான் ஆசிரியரானேன். இன்றுவரை வகுப்பில் யார் எங்கே பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் கவனிக்கிறேன். இரண்டுக்கும் அவருக்கு நன்றி.

எங்களுக்கு அடுத்த ஆண்டு படித்த அணியின் உற்றுநோக்கல் படிவத்தில் 'ஒரு மாணவரைப் பற்றி' என்ற கட்டம் புதிதாக அச்சாகியிருக்கிறது. அதைச் சேர்த்தவர் அவர்தான் என்று அந்த அணியில் படித்த இருவர் சொல்கிறார்கள். துறைக் கூட்டக் குறிப்புகள் இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை இது உறுதி செய்யப்படாத தகவல்.