பத்துக்குப் பத்து

ஒரு பெண்ணின் சாவைப் பற்றிய சாட்சியத்தை நான் மறைத்தேன். ஐந்து ஆண்டுகளாக அது என் அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. நாற்பது பக்க நோட்டு.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏன் உங்களிடம்? நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதாலா? இருக்கலாம்.

நான் தமிழாசிரியை. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. சரியான சொல் என்றால் எனக்கு வெறி. “கடல் அழகாக இருந்தது” என்று எழுதினால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். “எப்பிடி இருந்துது? அதச் சொல்லு மக்கா” என்பேன். அலை புரண்டதா, சுருண்டதா, கரையை அறுத்ததா? மழை தூறியதா, கொட்டியதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்தான் உண்டு, மற்றதெல்லாம் பொய் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பொய்! அந்த வார்த்தையை எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கிறேன்!

ஒன்பதாம் வகுப்பில் செலின் என்றொரு பெண். வாய் திறந்து பேசமாட்டாள், எழுதுவாள். அவள் அப்பா வெளிநாட்டு வேலையை விட்டு வந்து, துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஸ்டெல்லா வலைக் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

‘என் வீட்டின் ஓசைகள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். செலின் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்.

“அப்பா கதவைச் சாத்துவார். கொண்டி விழும். பிறகு டிவியின் சத்தம் கூடும். பெல்ட் காற்றைக் கிழிக்கும். அம்மா அலறமாட்டாள். அலறினால் இன்னும் விழும். அனத்துவாள். நேற்று அவளைப் படியிலிருந்து தள்ளினார். தலை மோதியபோது, உரித்த தேங்காய் தரையில் விழுந்ததுபோல் கேட்டது. ‘அடுத்த தடவ நீ எந்திரிக்கமாட்டே’ என்றார்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா?

‘அனத்துவாள்’ என்பதன் அடியில் சிவப்பு மையால் கோடிட்டேன். ‘மிகச் சரியான சொல்!’ என்று ஓரத்தில் எழுதினேன். பத்துக்குப் பத்து போட்டேன்.

கற்பனை என்று நினைத்துவிட்டேனா? இல்லை... இல்லவே இல்லை! படித்தபோதே உண்மை என்று தெரிந்து அஞ்சினேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று எழுந்தது. பெருமிதம். என் மாணவி! நான் கற்றுக்கொடுத்தது!

மறுநாள் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், எனக்க கட்டுரைய வாசிச்சியளா?”

“வாசிச்சேன் மக்கா. அருமையா எழுதியிருக்கே.”

அவள் போகவில்லை. “முழுசும் வாசிச்சியளா?”

“முழுசும் வாசிச்சாச்சு. போட்டிக்கு அனுப்புவோம். அப்பா அம்மான்னு வாறத மட்டும் மாத்திருவோம், என்னா? நோட்டு எங்கிட்ட இருக்கட்டு.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “செரி டீச்சர்” என்று போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் ஸ்டெல்லா இறந்தாள். துணி எடுக்க மாடிக்குப் போனவள் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள்.

ஒரு பெண் எஸ்.ஐ. பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் என்னை உட்காரவைத்துக் கேட்டார். “பிள்ளைகிட்ட கேட்டா வாயே தொறக்கமாட்டேங்கா. அப்பன் பக்கத்துலேயே நிக்கான். உங்ககிட்ட எதாவது சொல்லியிருக்காளா டீச்சர்?”

நோட்டு என் பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது.

பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று அஞ்சினேன் எனச் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது உண்மையல்ல. நான் அஞ்சியது அந்தச் சிவப்பு மைக்கு! ஒரு தாய் அடிபடுவதைப் படித்துவிட்டு மதிப்பெண் போட்டவள்... ஊர் என்னை என்னவென்று அழைக்கும்?

“அப்பிடி ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன். “சாதாரண குடும்பம்.”

சாதாரண குடும்பம்! ஒரு மாணவி அப்படி எழுதியிருந்தால் நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேனே!

அவன் கொன்றானா? எனக்குத் தெரியாது. நோட்டைக் கொடுத்திருந்தால், கேட்க வேண்டியவர்கள் அவனிடம் கேட்டிருப்பார்கள். அவர்கள் கேட்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது; அதை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விபத்து என்று முடித்தார்கள்.

செலினின் சித்தி அவளை மார்த்தாண்டத்துக்கு அழைத்துப் போனாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று செலின் என்னிடம் வந்தாள்.

“எனக்க நோட்டு, டீச்சர்?”

“எங்கயோ தொலஞ்சு போச்சு மக்கா.”

அவள் அழவில்லை. “போலீசு கேட்டப்போ நான் ஒண்ணும் சொல்லல்ல. அப்பா நின்னாரு. நீங்க நோட்டக் குடுத்திருப்பியன்னு நெனச்சேன்” என்றாள். சித்தி கூப்பிட்டாள். போய்விட்டாள்.

இப்போதாவது கொடுக்கலாமே என்கிறீர்களா? ஒருமுறை காவல் நிலைய வாசல்வரை போனேன். உள்ளேயிருந்து யாரோ, “என்ன விசயம்மா?” என்றார்கள். வழி கேட்பவள்போல் இரணியலுக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் மீன் வாங்கப் போயிருந்தேன். “டீச்சர், சொகமா?” என்றது ஒரு குரல். அவன்தான், செலினின் அப்பா. பக்கத்தில் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்.

“எனக்க வீட்டுக்காரி. இப்பந்தான் கலியாணம் முடிஞ்சுது” என்றான்.

அவன் விலை பேசுவதற்காக நகர்ந்து போனான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவியளுக்க மொவளப் படிப்பிச்ச டீச்சரா? எனக்கு இங்க யாரையும் தெரியாது. ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாருங்க டீச்சர்.”

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்கு ஒரு முழு நிமிடம் கிடைத்தது. ஒரு வாக்கியம் போதும்...

“வாறேன் மக்கா” என்றேன்.

மூன்று ஞாயிறுகள் கடந்துவிட்டன. நான் போகவில்லை.