கும்மிப் பாட்டுக்குச் செல் மாற்றிய நாள்

எனக்குப் பத்து நிமிடம் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நான் பார்ப்பதோ மருந்து கம்பெனி ரெப் வேலை. டாக்டர் அறை வாசலில் காத்துக் கிடப்பதற்குத்தான் சம்பளமே. தென்காசி, கடையம், புளியங்குடி என்று பைக்கில் சுற்றுவது எனக்கு ஒரு சுகம். அதற்கப்புறம் நோயாளிகளோடு நோயாளியாக பெஞ்சில் உட்கார வேண்டும் பாருங்கள், அதுதான் தண்டனை. கால் ஆடும். விரல் சாம்பிள் பையின் மேல் தாளம் போடும். "உனக்கு என்ன சீக்கு தம்பி, நரம்பா?" என்று பக்கத்தில் இருந்தவர் அக்கறையாகக் கேட்டதும் உண்டு.

இந்த விரல்களுக்குத் தீனி போடத்தான் பழைய சின்னக் கீபோர்டுகளை வாங்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். மேடையில் வாசிக்கிற பெரியவை இல்லை. எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார்களே, மடியில் அடங்குகிற, பேட்டரி செல் போட்டால் பாடுகிற சாமான்கள், அவை. அவற்றில் எதுவும் எதைப் போலவும் ஒலிக்காது. வயலின் என்று எழுதிய பொத்தானை அமுக்கினால் கொசு பாடும். புல்லாங்குழல் என்றால் பிரஷர் குக்கர். சாம்பா, வால்ட்ஸ், ராக் என்று ஏழு தாளம் இருக்கும், ஏழும் ஒரே பிஸ்கட் டப்பாவைத் தட்டிய சத்தம். இப்போது போனிலேயே அசல் பியானோ கேட்கிறது. கேட்டுவிட்டு நான் என்ன செய்ய? என் பெட்டிகள் கொஞ்சமும் வெட்கப்படாமல் பொய் சொல்லும். அதற்காகவே அவற்றை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பழைய சாமான் கடைகளிலும், பரணைச் சுத்தம் செய்கிற வீடுகளிலும் பொறுக்கியதில் பீரோவுக்கு மேலே பதினேழு சேர்ந்துவிட்டன. எது வந்தாலும் முதல் வேலை, திருப்பிப் போட்டு மூடியைத் திறப்பது. பாதிக்கு மேல் உள்ளே செல் கசிந்து பச்சை பூத்திருக்கும். புளியங்குடி எலுமிச்சம்பழத்தில் பாதியை வெட்டி செல்லைத் தொடுகிற கம்பிச்சுருளைத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். பிறகு நான்கு செல் போட்டு முதல் சத்தம் வருகிற அந்த நொடிக்காக நான் எவ்வளவு தூரமும் போவேன். அதற்கடுத்த நொடியிலிருந்தே எனக்கு அடுத்த பெட்டியின் நினைப்பு வந்துவிடும்.

"பதினேழு இருக்கே, ஒண்ணுலயாவது ஒரு பாட்டை முழுசா வாசிச்சிருக்கீங்களா?" என்று வீட்டுக்காரி கேட்பாள். இல்லை. பாதியில் தாளத்தை மாற்றிப் பார்க்கத் தோன்றும். அதோடு பாட்டு போய்விடும்.

என் கிறுக்கு இந்த வட்டாரத்து மருந்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். போன ஆடியில் குற்றாலத்து மருந்துக் கடைக்காரர் ஒரு வீட்டு விலாசம் சொன்னார். "அந்தக்கா ஒரு சின்ன கீபோர்டு வச்சிருக்காங்க. அதுக்கு ஏதோ பாக்கணுமாம். போயிப் பாருங்க." பார்ப்பதற்காகவா போனேன்? வாங்குவதற்குத்தான் போனேன்.

ஐந்தருவி போகிற சாலையில் இருந்தது வீடு. கீழே அந்த அக்கா குடியிருந்தார். மாடியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. ஒரு முழ நீளம்தான். ஒரு பக்கம் கால்குலேட்டர், மறு பக்கம் பொத்தான் மாதிரிக் கட்டைகள். இருபது வருடமாக நான் படத்தில் மட்டும் பார்த்த சாதி. ஒரு கீறல் இல்லை. வழக்கம்போலக் கை திருப்பப் போனது.

"செல்லை எடுத்திராதீங்க தம்பி!" என்று அவர் போட்ட சத்தத்தில் கை தானாக விலகியது.

பிறகு உட்காரவைத்துச் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்த வருடம், இனிமேல் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கும்மியடிக்க அக்கா இருக்க மாட்டாளே என்று, பதினாறு வயதுத் தம்பி உட்கார்ந்து அந்தக் கும்மிப் பாட்டை ஒவ்வொரு சுரமாக இந்தப் பெட்டியின் நினைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். செல் இருக்கிறவரை பாட்டு இருக்கும். செல்லைக் கழற்றினால் போய்விடும். அதனால் சுவரில் எலிமினேட்டரைச் சொருகி, கரண்டில் ஓடவிட்டுத்தான் செல் மாற்ற வேண்டும். தைப்பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடி பிறந்ததும் ஒரு தடவை என்று முப்பது வருடத்துக்கு மேலாக அவர் இப்படி மாற்றி வந்திருக்கிறார். அந்த ஆடியில் எலிமினேட்டர் புகைந்து போனது. செல் தீரத் தொடங்கி, பெட்டியின் திரையில் எழுத்து ஏற்கெனவே மங்கிக்கொண்டு வந்தது.

"தம்பி இப்போ எங்க இருக்காரு?" என்றேன்.

"மதுரையில. போலீசுல இன்ஸ்பெக்டரு. அப்பா வயலைப் பங்கு வச்சதுல சண்டை. ஆறு வருசமாப் பேச்சு இல்ல" என்றார்.

பெட்டியின் ஓரத்தில் தனியாக ஒரு பொத்தான் உண்டு. அதை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பதிந்திருக்கிற பாட்டின் அடுத்த சுரம் வரும், விரலை எடுக்கும்வரை ஒலிக்கும். அவர் ஒரு விரலால் அதை அமுக்கி, இடது கையால் மேஜையில் தாளம் தட்டி வாசித்தார். எங்கள் கடையத்துப் பக்கமும் பாடுகிற முளைப்பாரிக் கும்மிதான். கொசு வயலினில் அதைக் கேட்க உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவது அடி முடிகிற இடத்தில் மட்டும் சுரம் பிசகியது.

வாய் சும்மா இருந்தால்தானே. "அந்த இடத்துல ஒண்ணு தப்பா விழுந்திருக்கு அக்கா. சரி பண்ணிரட்டா?" என்றேன்.

"அது அப்படியே இருக்கட்டும்."

"அப்போ போன்லயாவது பதிஞ்சு வச்சுக்கிடுங்களேன்."

"கேக்கதுக்கா வச்சிருக்கேன்? இதை நான்லா வாசிக்கேன் தம்பி. சுரம் அவன் போட்டது, நேரம் நான் போடுதேன்" என்றார். விலை கேட்க வந்த வாயை நான் அதோடு மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை வீட்டிலிருந்து எலிமினேட்டரோடு போனேன். இந்த வகைப் பெட்டிக்கு பிளக்கின் உள்பக்கம் மைனஸ் வர வேண்டும். மாற்றிச் சொருகினால் உயிரே போய்விடும். மீட்டர் வைத்து இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் சொருகினேன். சரியாக இருந்தது. வெளியே சாரல், அதோடு காற்று. காற்றடித்தால் எங்கள் பக்கம் கரண்டு ஒரு நிலையில் நிற்காது. அவருக்கு அது தெரியும். மாடிக்காரர்கள் வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டபோது, படியில் கால் வைத்தபடியே சொன்னார்.

"காத்து கொஞ்சம் அடங்கட்டும் தம்பி. நான் வந்திருதேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

சரி என்றேன். மின்விசிறியைப் பார்த்தேன். ஒழுங்காகச் சுற்றியது. புதுச் செல் நான்கையும் வரிசையாக அடுக்கிவைத்தேன். வரிசையை மாற்றி அடுக்கினேன். மாடியில் ஏதோ வாக்குவாதம் நடந்தது. பத்தரை மணிக்குத் தென்காசியில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். நான்கு செல்லை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும், இருபது நொடிகூட ஆகாது என்று நினைத்தேன். மூடியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உருவினேன். மூன்றாவது செல் கையில் இருக்கும்போது தலைக்கு மேலே விசிறியின் சத்தம் குறைந்தது.

நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. பழைய செல்லைத் திரும்பத் திணித்தேன், புதியதைத் திணித்தேன், பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. கால்குலேட்டர் பக்கம் ஒரு பூஜ்ஜியம் மட்டும் கறுப்பாக, புதுச் செல்லின் தெம்பில் நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் ஒருவர் பொத்திப் பொத்திக் காத்ததை என் அவசரம் ஒரே நிமிடத்தில் அழித்துவிட்டது.

அந்த நிமிடமே எழுந்து மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதியும் ஸ்விட்சைத் தள்ளிவிட்டு, கும்மியை நானே ஏற்ற ஆரம்பித்தேன். தெரிந்த பாட்டுதானே. விரல் ஓடியது. இரண்டாவது அடி முடிகிற இடத்தில் நின்றது. தம்பி அங்கே என்ன போட்டிருந்தான்? பிசகு என்று தெரியும். எந்தச் சுரம் என்று தெரியவில்லை. நேற்று திருத்தம் சொல்கிற அவசரத்தில் நான் அதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. படியில் காலடி கேட்டது. சரியான சுரத்தைப் போட்டு மிச்சத்தையும் ஓட்டி முடித்தேன். பிசகு போனதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மாத்தியாச்சா? கரண்டு போச்சே, அதுக்கு முன்னாடியேவா?" என்று அவர் உட்கார்ந்தார்.

"ஆமாக்கா" என்றேன். அந்தப் பொய்யும் கூச்சமில்லாமல் வந்தது.

இடது கை தாளம் தட்ட, வலது விரல் அமுக்கியது. முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியின் முடிவுக்கு வரும்போதே அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு கூடியது. அந்த இடத்துக்கு மட்டும் வருகிற சிரிப்பு போலிருக்கிறது. சரியான சுரம் ஒலித்தது. சிரிப்பு நின்றது. விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார், சுரம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"இது அவன் போட்டது இல்ல" என்றார்.

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "பத்து நிமிசம் இருக்க முடியலையா தம்பி உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்விதான். அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன்.

"இருபத்தொம்பது கட்டைதான் அக்கா. ஒவ்வொண்ணா வாசிக்கேன், நீங்க சொல்லுங்க" என்று கெஞ்சினேன். வாசித்தேன். "இல்ல." அடுத்தது. "இல்ல." ஐந்தாறு தாண்டியதும் அவருக்கே குழம்பிவிட்டது. எல்லாமே அதுபோலவும் இருந்தது, எதுவும் அதுவாக இல்லாமலும் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"யக்கா? என்னக்கா? யாருக்கும் என்னமுமா?" எதிர்முனையில் குரல் பதறியது. ஆறு வருடம் கழித்து வருகிற அழைப்பில் வேறு என்ன சேதி இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லலே. அந்தக் கும்மிப் பாட்டைக் கொஞ்சம் பாடு."

"என்னது?"

"கல்யாணத்தப்போ பொட்டியில ஏத்திக் குடுத்தல்லா, அது. ரெண்டாவது அடியை மட்டும் பாடு."

அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அது இன்னுமாக்கா இருக்கு?"

"நேத்து வரைக்கும் இருந்துது. செல்லு மாத்தி மாத்தி வச்சிருந்தேன்."

"இந்த ஆறு வருசமுமா?"

"பின்ன? செல்லு என்னலே பண்ணிச்சு?"

"ஸ்டேஷன்ல இருக்கேன், இரு" என்றார். கதவு சாத்துகிற சத்தம், லாரி ஹாரன், அதற்குப் பிறகு தாழ்ந்த குரலில் அந்த இன்ஸ்பெக்டர் கும்மி பாடினார். இரண்டாவது அடி முடியும் இடத்தில், முப்பது வருடத்துக்கு அப்புறமும், அதே இடத்தில் குரல் வழுக்கி அதே பிசகில் போய் விழுந்தது. அன்று பெட்டியில் ஏற்றும்போது தம்பிக்குக் கை தவறவே இல்லை. அந்தப் பாட்டை அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார், அப்படித்தான் பாடுகிறார்.

"அங்கன தப்புலே" என்றார் அக்கா. அந்தச் சிரிப்பு திரும்பியிருந்தது.

"என்ன தப்பு? சரியாத்தான் பாடுதேன்."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன. ஊரே ஒரு மாதிரிப் பாடுது, நீ மட்டும் ஒரு மாதிரிப் பாடுத."

"அப்போ ஊருக்குத்தான் தப்பு."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கெடைச்சுதா தம்பி?"

முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. என் விரல் அந்தக் கட்டையின் மேல்தான் இருந்தது. விசிறி மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருந்தது. தென்காசி டாக்டரின் பத்தரை மணி தாண்டி எவ்வளவோ நேரமாகிவிட்டது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் கையை எடுத்தார். "இன்னொருக்கா பாடுலே" என்றார்.