மணல் இல்லாத கருவாடு

இன்று திண்டிவனத்தில் ஒரு கடையில், "மணல் இல்லாத கருவாடு" என்று அச்சடித்த பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் இதே ஊர்ச் சந்தைக்கு மரக்காணத்து அஞ்சலையக்கா அப்படியொரு கருவாடு கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கூடாரத்தில் வெயிலை அடைத்துக் காயவைத்தது. ஈ இல்லை, மணல் இல்லை. நல்ல விலை போகும் என்று நம்பி வந்திருந்தார்.

என் அம்மா கூடையைக் கிளறினாள். "இன்னாம்மா, மணலையே காணோம்? கடற்கரைல காஞ்சதுதானா இது?"

ஒருவரும் வாங்கவில்லை.

அடுத்த சந்தையில், அக்கா அதே கருவாட்டின்மேல் ஒரு பிடி மணலைத் தூவுவதைப் பார்த்தேன். மதியத்துக்குள் கூடை காலி.

அம்மாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, நான் கேட்டப்புறம்தான் ஒழுங்கா காயவச்சிக்கினு வருது!"

பாக்கெட்டை வாங்கிவந்துவிட்டேன். நாளை அம்மாவுக்குக் குழம்பு.

உங்களில் யாராவது வீடு கட்டுகிறீர்களா? ஒரு பிடி மணல் போதும்.